மனுவில் இறந்த அப்பா

மனுக்காரம்மா தன் பேனாவால் எத்தனை ஆண்களைக் கொன்றிருக்கிறாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் கட்டிய புருஷனைக் கொன்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவும் பட்டப்பகலில், பதினொன்றரை மணிக்கு, நீல மையில்.

பயப்பட வேண்டாம். எறும்பை மிதித்துவிட்டால்கூட 'அடடா' என்று காலைத் தூக்கிக்கொள்கிற பெண்தான் அவள். அரசு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே அவளுடைய மேசை. மேசைமேல் ஒரு கட்டு வெள்ளைத் தாள், கோந்து, குண்டூசி டப்பா, கைரேகை வைக்க மைப்பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், தெரிந்தும் அதிகாரி என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்களும் எதிரே ஸ்டூலில் வந்து உட்காருவார்கள். அவர்கள் சொல்வதை எழுதுவாள். சொல்லாததையும் எழுதுவாள்.

சளி பிடித்தவரை அவள் மனு படுக்கையில் தள்ளும். படுக்கையில் கிடப்பவரை எமன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். ஒழுகுகிற கூரை இரண்டாம் வரியில் இடிந்தே விழுந்துவிடும். வீட்டைவிட்டு ஓடிப்போன கணவன்மாரைக் கொஞ்சமும் கூசாமல் 'காலமானார்' என்று முடித்துவிடுவாள்.

"ஓடிப்போனான்னு எழுதினா எங்க ஓடினான், ஏன் ஓடினான்னு நோண்டுவாங்க. செத்துட்டான்னு எழுதினா ஒரு 'உச்' கொட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவாங்க," என்பாள். "முதல் ரெண்டு வரியிலயே கண்ணு கலங்கிடணும். மூணாவது வரியை எந்த ஆபீசரும் படிக்கறதில்ல."

இருபத்திரண்டு வருடம் அந்த வித்தை பலித்தது. அவள் எழுதிய மனு வெறுங்கையோடு திரும்பாது என்று தெருவில் பெயர்.

அவள் கணவருக்குக் கண்ணாடி ஜாடி செய்கிற தொழிற்சாலையில் வேலை. சூளையிலிருந்து வந்து ஆறிய ஜாடிகள் அவர் முன்னால் வரிசையாக நகரும். கையில் ஒரு சின்ன மரக்குச்சி. ஒவ்வொரு ஜாடியையும் ஒரு தட்டு. நல்ல ஜாடி 'டிங்' என்று நீளமாகப் பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டக்' என்று வாயை மூடிக்கொள்ளும். 'டக்' என்றதை எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட்டுவிடுவார். அவ்வளவுதான் வேலை. ஊரே அவரைத் 'தட்டுக்காரர்' என்றது. பேச்சு குறைவு. "பேச வேண்டியதையெல்லாம் நீயே எழுதிடறே, எனக்கு எங்க மிச்சம்?" என்று மனைவியைச் சீண்டுவதோடு சரி.

வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. சமையலறையில் கவிழ்த்து வைத்த டம்ளர்களை விரல் நகத்தால் தட்டிப் பார்ப்பார். முன்னறையில் பாடம் எழுதிக்கொண்டிருக்கும் ஒரே மகள் சிட்டு, தலை நிமிராமல் சொல்வாள்: "அம்மா டம்ளர்." இன்னொரு தட்டு. "அது என்னோடது." இன்னொன்று. "அப்பா, அது டம்ளரே இல்ல. ஊறுகாய் பாட்டில்!" இருவரும் சிரிப்பார்கள். மூன்று வயதில் தொடங்கிய விளையாட்டு. மனுக்காரம்மாவுக்கு எல்லாம் ஒரே 'டிங்'காகத்தான் கேட்கும். "அப்பாவும் பொண்ணும் சேர்ந்து ஒருநாள் எல்லாத்தையும் உடைக்கப் போறீங்க," என்று சத்தம் போடுவாள்.

அந்தக் காதுதான் சிட்டுவின் கைக்கு வயலினைக் கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய வயலின் இருந்தது. எட்டு வயதில் அதை எடுத்தவள் பத்து வயதுக்குள், பாட்டு டீச்சர் வாயைத் திறந்தபடி உட்காரும் அளவுக்கு வாசித்தாள். டீச்சரே ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீர்ந்துபோச்சும்மா. இனிமே இவளை இங்க வெச்சிருந்தா பாவம். மலைமேல ஒரு விடுதிப் பள்ளி இருக்கு. இசைக்குன்னு தனியா பிள்ளைங்களை எடுப்பாங்க. ஏழு வருஷம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்க பொறுப்பு."

"கிடைக்குமா டீச்சர்?"

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "ஒன்பது இடம். போன வருஷம் அறுநூறு பேர் எழுதினாங்களாம். வீட்டுலயே வாத்தியார் வெச்சுப் படிச்ச பிள்ளைங்க, வீட்டுலயே பியானோ இருக்கற பிள்ளைங்க. விண்ணப்பத்தைப் பார்த்து முப்பது பேரைத்தான் வாசிக்கக் கூப்பிடுவாங்க. அங்க போய்ட்டா இவ வாசிச்சுடுவா. அந்த முப்பதுல வரணும், அதுதான் கஷ்டம்."

அறுநூறு தாள். அந்த எண்ணைக் கேட்டதும் மனுக்காரம்மாவின் கண்முன்னால் அறுநூறு தாளும் ஒரு மேசையில் குவிந்து நின்றன. ஒரு களைத்த அதிகாரி அதைப் புரட்டுகிறார். முதல் இரண்டு வரி. அடுத்த தாள். முதல் இரண்டு வரி. அடுத்த தாள்.

'இது நம்ம களம்' என்று நினைத்துக்கொண்டாள் பாவி.

விண்ணப்பத்தில் 'மாணவியைப் பற்றிப் பெற்றோர் ஒரு பக்கம் எழுதவும்' என்று இருந்தது. ஊருக்கெல்லாம் எழுதிய கை, தன் பிள்ளைக்கு எழுதும்போது சும்மா இருக்குமா? தந்தையின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். ஒரே ஒரு சொல். பிறகு எழுதினாள்: 'தந்தையை இதய நோய்க்குப் பறிகொடுத்த இந்தக் குழந்தைக்கு வயலின் ஒன்றே தந்தையின் குரல்.' எழுதியதைப் படித்தபோது அவளுக்கே கண் கலங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டினாள்.

சரியாக அந்த நேரத்தில் காலஞ்சென்றவர் ஜாடித் தொழிற்சாலையில் ஒரு ஜாடியைத் தட்டிக்கொண்டிருந்திருப்பார்.

கடிதம் வந்தது. முப்பது பேரில் சிட்டுவும் ஒருத்தி. வீடே ஆடியது. தட்டுக்காரர் மகளைத் தூக்கிச் சுற்றினார். "எந்த மனுவும் திரும்பாதுன்னு சும்மாவா சொல்றாங்க!" என்று மனைவியைப் புகழ்ந்தார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனதை அவர் கவனிக்கவில்லை.

"நீங்க வரவேண்டாங்க. கூட ஒருத்தர்தான் வரலாமாம்," என்றாள்.

"உள்ளதானே ஒருத்தர்? கேட்டுக்கு வெளிய நிக்கறதுக்குமா அளவு வெச்சிருக்காங்க?"

"லீவு வீணாப் போகுமேன்னு..."

"ஏம்மா, என் பொண்ணு வாசிக்கற அன்னிக்கு எடுக்காத லீவை வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்?"

காலை பஸ்ஸில் முண்டியடித்து ஏறி, மகளுக்கு ஜன்னல் இருக்கையைப் பிடித்துக் கொடுத்தார். வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மனுக்காரம்மா எதிர் இருக்கையில் அவரைப் பார்க்காமல் இருக்க, வழியில் வந்த மரங்களை எல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாள்.

பள்ளியின் கேட்டுக்கு வெளியே ஒரு சிமென்ட் பெஞ்சு. "நான் இங்க இருக்கேன். பயப்படாம வாசி," என்று மகளின் தலையைத் தடவி அனுப்பினார்.

உயரமான அறை. நீள மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை, வழுக்கைத் தலையோடு இசை மாஸ்டர், குறிப்பெழுத ஒரு கிளார்க். சுவரோரம் நாற்காலியில் மனுக்காரம்மா. நடுவில், ஒரு பெரிய விரிப்பின்மேல், குச்சி மாதிரிக் கால்களோடு சிட்டு.

வாசித்தாள். முதல் பாட்டு முடிவதற்குள் கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டார். இரண்டாவது பாட்டின் நடுவே ஒரு தந்தியின் சுருதி இறங்கியது. சிட்டு கலங்கவில்லை. வில்லை இறக்கி, தந்தியை முறுக்கி, காதருகே மீட்டிப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். மாஸ்டர் முன்னால் குனிந்தார். ஓரத்திலிருந்த பியானோவில் எங்கெங்கோ தட்டிக் கேட்டார். எல்லாச் சுரத்தையும் சொன்னாள். மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தான் தண்ணீர் குடித்து வைத்திருந்த கண்ணாடி டம்ளரைப் பென்சிலால் தட்டினார்.

"இது?"

சிட்டு தலையைச் சாய்த்தாள். "காந்தாரம் சார். கொஞ்சம் இறங்கியிருக்கு." பிறகு தயங்கி, "ஆனா அதுல குடிக்காதீங்க சார். விரிசல் இருக்கு," என்றாள்.

மாஸ்டர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். அடிப்பக்கத்தில், தலைமயிரைவிட மெல்லிசாக, ஒரு கோடு.

"அடேயப்பா! இதை யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"எங்கப்பா."

தலைமையாசிரியை கோப்பைப் புரட்டினார். அவர் முகம் இளகியது. குரல் தாழ்ந்தது. "பாவம். அப்பா தவறிப்போய் எத்தனை நாளாச்சும்மா?"

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கப்பாவா? கேட்டுகிட்ட உக்காந்திருக்காரே! பஸ்ஸுல எனக்கு ஜன்னல் சீட்டு பிடிச்சுக் கொடுத்தாரு!"

சிரித்த முகம் தாயைப் பார்த்துத் திரும்பியது. அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. சிட்டுவின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது.

ஐயோ, அந்த நொடி! மனுக்காரம்மாவின் இருபத்திரண்டு வருட அனுபவம் ஓடி வந்து அவள் காதில் மூன்று பொய்களைச் சொன்னது. 'சித்தப்பாவை அப்பான்னு கூப்பிடுவா மேடம்' என்று சொல்லிவிடலாம். 'குழந்தைக்கு அப்பா போனது இன்னும் மனசுல ஏறல' என்று அழுதுவிடலாம். மூன்றாவது இன்னும் நன்றாக இருந்தது. மூன்றுமே பலிக்கும். எதிரே இருந்த கண்கள் நம்பத் தயாராக ஈரமாகிவிட்டன. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஒன்பதில் ஒரு இடம் மகளுக்கு.

ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு ஏழு வருடம் இருந்தது. ஏழு வருடமும் சிட்டு இங்கே அப்பா இல்லாத பெண்ணாக நடிக்க வேண்டும். பெற்றோரைப் பார்க்கும் நாளில் அந்த மனிதர் சித்தப்பாவாக வர வேண்டும். மேடையில் பிள்ளை வாசிக்கும்போது 'என் பொண்ணு' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல முடியாது. பஸ்ஸில் வயலின் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்த அந்த இரண்டு கைகள் அவள் கண்முன் வந்தன.

எழுந்தாள்.

"அவர் உயிரோடதான் இருக்கார் மேடம். நான்தான் பொய் எழுதினேன். என் பொண்ணுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

ஊருக்காகப் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு, அதற்குமேல் தனக்காகப் பேச நான்கு சொல் கிடைக்கவில்லை.

தலைமையாசிரியை கோப்பை மூடினார். கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவர் வருத்தப்பட்டார்.

"கடைசி வரியில கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பொய்த் தகவல்னா விண்ணப்பம் ரத்து. உண்மையை எழுதிட்டு இடம் கிடைக்காம வீட்டுல உக்காந்திருக்கற பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? உங்க பொண்ணு வாசிப்புல ஒரு குறையும் இல்ல. அவளுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் வயசு இருக்கு. ஒரே ஒரு தடவை மறுபடி எழுதலாம்."

அவர்கள் கிளம்பும்போது மாஸ்டர் அந்த டம்ளரைப் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சிட்டுவின் கையில் கொடுத்தார். "உங்கப்பாகிட்ட காட்டு. நீ சொன்னது சரிதானான்னு கேளு," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கேட்டுக்கு வெளியே தட்டுக்காரர் எழுந்து ஓடி வந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். சிட்டு நீட்டிய காகிதத்தைப் பிரித்து டம்ளரை நகத்தால் தட்டினார். "ஆமா. அடியில விரிசல்," என்றார். பிறகு, "என்ன ஆச்சு?" என்றார்.

அந்தச் சிமென்ட் பெஞ்சிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. ஒன்றையும் கூட்டவில்லை. அவர் டம்ளரை மறுபடி காகிதத்தில் சுற்றினார்.

"எப்படிச் செத்தேன்?"

"இதய நோயில."

"பரவாயில்ல. ரொம்ப இழுத்துக்கிட்டுக் கிடக்காம போயிருக்கேன்."

சிட்டு விசும்பினாள். அவர் சிரிக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் மகளை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். மனுக்காரம்மா பின்னால், தனியாக.

அவர் திட்டவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் சமையலறையில் டம்ளரைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். விரல்கள் டம்ளர் வரிசைவரை போகும். அங்கே நிற்கும். மடங்கித் திரும்பும். 'உடைச்சுடப் போறீங்க' என்று இத்தனை வருடம் கத்தியவள், ஒரே ஒரு 'டிங்'குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். மாதங்கள் போயின.

மாடிப்படிக்குக் கீழேயும் ஒரு மாற்றம் வந்தது. அவளுக்கே தெரியாமல் வந்தது.

"புருஷன் காலமாயிட்டாருன்னு போடுக்கா," என்றாள் ஒருத்தி.

"நெஜமாவே காலமாயிட்டாரா?"

"அதோ, டீக்கடையில நிக்குதே!"

"அப்ப நிக்கறார்னுதான் எழுதுவேன்."

"இதுக்கு நானே எழுதிக்குவேனே!" என்று அவள் முகத்தை வெட்டிக்கொண்டு போனாள். ஸ்டூலில் உட்கார வருபவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களின் மனு சில திரும்பியும் வந்தது. மனுக்காரம்மா மறுபடி எழுதிக் கொடுத்தாள். கூரை எவ்வளவு ஒழுகுகிறதோ அவ்வளவு ஒழுகியது.

அடுத்த வருடத்தின் விண்ணப்பம் வந்தபோது, அதை ஒரு வாரம் தொடவே பயந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி, கணவர் எதிரே போய் நின்றாள்.

"படிக்கறேன். கேளுங்க. வேண்டாம்னா சொல்லுங்க, அனுப்பல."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"'என் மகளுக்குச் சத்தத்தை வைத்தே விரிசல் தெரியும். அவள் அப்பா ஜாடித் தொழிற்சாலையில் ஜாடிகளைத் தட்டிப் பார்க்கிறவர். அவரோடு டம்ளர் தட்டி விளையாடித்தான் அவளுக்கு இந்தக் காது வந்தது. போன வருடம் அவர் இறந்துவிட்டதாக எழுதியவள் நான்தான். அப்பா இல்லாத பிள்ளைக்குத்தான் இடம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர் நலமாக இருக்கிறார். இந்த முறை அவரும் வருவார். எங்களுக்கு இவளை விட்டால் இந்த உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லை.'"

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சூளையிலிருந்து வந்த ஜாடியைக் கேட்பதுபோல.

"அந்தக் கடைசி வரி," என்றார். "அங்க 'டக்'குன்னுது."

அவள் தாளைப் பார்த்தாள். ஆமாம். பழைய கை, கடைசியில் ஒரு வரியைத் திருட்டுத்தனமாக நுழைத்துவிட்டது. "வேற ஒண்ணுமே இல்லையா? உனக்கு நான் இருக்கேன். எனக்கு நீ இருக்கே," என்றார் அவர், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

மனுக்காரம்மா அந்த வரியை அடித்தாள். மை காயும்முன் ஒரு சொட்டுக் கண்ணீர் அதன்மேல் விழுந்தது. இந்த முறை அது யாரையும் கலங்கவைக்க விழுந்ததல்ல.

மறுபடி முப்பது பேரில் சிட்டு இருந்தாள். மறுபடி அதே பஸ், அதே கேட். இந்த முறை மூவரும் உள்ளே போனார்கள்; 'ஒருத்தர்தான் வரலாம்' என்றதும் அவள் கட்டிய கதைதான். வாசலில் வருகைப் பதிவேட்டோடு அதே கிளார்க். தந்தையின் கையெழுத்துக்கான கட்டத்தில் தட்டுக்காரர் குனிந்து பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். கிளார்க் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானே போன வருஷம் தவறிப்போனவரு?"

"ஆமாங்க. பொண்ணு வாசிக்கறான்னாங்க, ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்தேன்."

கிளார்க் சிரித்த சிரிப்பு அந்த உயரமான அறைவரை கேட்டது.

சிட்டு வாசித்தாள். மாஸ்டர் இந்த முறை எதையும் தட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்று வாரம் கழித்து வந்த பட்டியலில் ஒன்பது பெயர்கள் இருந்தன. சிட்டுவின் பெயர் ஏழாவது.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மறுநாள், வீடு தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. முன்னறையில் பாட மேசை காலி. மனுக்காரம்மா அந்த நாற்காலியில் போய்ச் சும்மா உட்கார்ந்தாள். அறுநூறு பேரில் ஒன்பது என்று ஏங்கியபோது, கிடைத்துவிட்டால் இப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

'டிங்.'

ஒரு வருடத்துக்கும் மேலாக அவள் காத்திருந்த சத்தம். முதுகு நிமிர்ந்தது. உள்ளே அவர் காத்திருந்தார். பதில் சொல்ல வேண்டியவள் மலைமேல் இருந்தாள்.

"என்..." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "என் டம்ளரா?"

"இல்ல. சிட்டுவோடது."

மறுபடி ஒரு 'டிங்'.

"இது என்னோடது!"

"ஊறுகாய் பாட்டில்மா அது," என்றார் அவர், உள்ளிருந்தே. அவர் குரலில், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, சிரிப்பு இருந்தது. "சரி, கவனமாக் கேளு. இன்னொரு தடவை தட்டறேன்."